மண்ணுக்கு ஜன்னல் வைத்த அக்கா

கோணிப்பையைத் தூக்கியதும் முதலில் என் முகம்தான் தெரிந்தது. மாமரத்து நிழல் முடிகிற விளிம்பில் இடுப்பளவு குழி. அதன் ஒரு பக்கச் சுவரில், கதவு சாத்தியதுபோல ஒரு கண்ணாடி. பழைய பஸ்ஸின் ஜன்னலில் இருந்து கழற்றியது. அக்கா முந்தானையை விரித்து வெயிலை மறைத்தார். என் முகம் போய், கண்ணாடிக்குப் பின்னால் செம்மண் வந்தது. செம்மண்ணுக்குள் வெள்ளையாக, சேமியா மாதிரி ஒரு வேர்.

"தொடாத. மூக்க மட்டும் கிட்ட வெச்சிக்கினு பாரு" என்றார்.

வேரை ஒட்டினாற்போல் கண்ணாடியின்மேல் சிவப்புப் புள்ளிகள். நகப்பூச்சு. "இது செவ்வாக்கெழம இருந்த எடம். இது பொதன். இது வியாழன். இது நேத்து. இன்னிக்கு எங்க கீதுன்னு நீயே பாரு."

நேற்றைய புள்ளியைத் தாண்டி அரை நெல் நீளத்துக்கு அந்த நுனி போயிருந்தது.

நான் அப்போது திருப்பதியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. வேர் நுனியின் நீள்வெட்டுத் தோற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்துக்கு 'வெரி குட்' வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு வேர் வளர்வதை அதுவரை பார்த்ததில்லை. அது மட்டுமா? மாமரத்து வேருக்குப் பக்கத்தில் ஏதோ புல்லின் வேர் ஒன்று. அதைச் சுற்றிப் பனி படிந்தாற்போல ஒரு மங்கல். இன்னும் கிட்டப் போனேன். மங்கல் இல்லை, மயிர். ஆயிரக்கணக்கில். வேர்த்தூவி. நோட்டில் நான் பென்சிலால் இழுத்து இழுத்து வரைந்த அதே வேர்த்தூவி. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். மண் பொடிக்கும் மண் பொடிக்கும் நடுவே நுழைந்து, அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரத்தையும் அதில் கரைந்த உப்பையும் எடுத்துக்கொண்டு, சில நாளில் செத்துப்போய், அதற்குள் நுனி முன்னால் நகர்ந்து புதுத் தூவிகளை விட்டு...

அந்த நிமிஷம்தான் அது உறைத்தது. மரத்துக்கு வாய் காலடியில் இல்லை. நிழல் விளிம்பில் இருக்கிறது. அதுவும் ஓர் இடத்தில் நிற்பதில்லை, தினமும் அரை நெல் தூரம் நடக்கிறது. நாங்களோ ஊரே சேர்ந்து அடிமரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி, எருவையும் உர உப்பையும் தண்ணீரையும் அங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தோம். மாட்டுக்கு வால் பக்கம் தீனி வைத்துவிட்டு, ஏன் இளைத்துப்போகிறாய் என்று கேட்பதுபோல.

அன்று புரட்டாசி சனிக்கிழமை. உலகமே மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போகிறது. நான் திருப்பதியில் இருந்து எதிர்த் திசையில், காலி பஸ்ஸில், பிச்சாட்டூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியிருந்தேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்வரை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் காலனியில் பத்து வீடு தள்ளி இருந்தவர். அப்போது முப்பதைத் தொட்டிருக்க மாட்டார். குவைத்தில் ஆறு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் அது புதுசில்லை. ஆண்கள் பெங்களூர் கட்டட வேலைக்கும் மெட்ராஸ் கம்பெனிகளுக்கும் போவார்கள், பெண்கள் குவைத்துக்கு. அவர் கணவரும் பெங்களூரில்தான் சென்ட்ரிங் வேலை. மாதம் ஒரு தடவை வருவார், சில மாதம் வராமலும் இருப்பார். நிலமில்லாதவர்களுக்கு என்று அரசாங்கம் கொடுத்த இரண்டு ஏக்கர் சரிவு, அதில் மாமனார் காலத்தில் வைத்த நாற்பது தோத்தாபுரி மாமரம். சித்தூர் ரோட்டில் வரிசையாக மாங்கூழ் ஃபேக்டரிகள் வந்ததிலிருந்து அந்தக் கிளிமூக்குக் காய்க்கு ஏகப்பட்ட கிராக்கி. ஊரில் மற்ற தோப்புகளில் லாரி நிறைந்தது. அக்காவின் மரங்களில் இலைதான் நிறைந்தது.

இதில் பணயமாக இருந்தது அவருடைய மகள். அக்கா போகும்போது அது பால்குடி மறந்த குழந்தை. திரும்பும்போது இரண்டாம் வகுப்பு. நடுவில் அதை வளர்த்தது அக்காவின் தங்கை. குழந்தை தங்கையைத்தான் 'அம்மா' என்றது. பெற்றவளுக்கு அது வைத்த பெயர் 'குவைத்தம்மா'. காலனியே சிரிக்கும், அக்காவும் சிரிப்பார். ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "இந்த வாட்டி மரம் காய்க்கலன்னா மறுபடி ஃபிளைட்டு ஏறணும். இன்னொரு தரம் போனேன்னா இவ எனுக்கு இல்ல." அவ்வளவுதான். மறுபடி அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. அதற்கப்புறம் அந்தத் தோப்பைப் பார்க்கும்போதெல்லாம் நாற்பது மரமும் அந்தக் குழந்தையைச் சுற்றி நிற்பதாகவே எனக்குத் தோன்றும்.

அக்காவுக்கு ஒரே ஒரு குணம். மற்றதெல்லாம் அதன் கிளை. கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். யார் என்ன சொன்னாலும் முதல் கேள்வி இதுதான்: "பாத்ததா, கேட்டதா?" கிராம அதிகாரி தெலுங்கில் ஏதாவது சொன்னால் அதே கேள்வி தெலுங்கில் வரும்: "சூசிந்தா, வின்னிந்தா?" கேட்டது என்றால் அந்த விஷயம் அவர் காதிலேயே ஏறாது.

கேபிள் டிவி வந்த புதிது. ஒருநாள் எல்லோர் வீட்டிலும் படம் போய்விட்டது. கேபிள்காரர், புத்தூரிலேயே கோளாறு, இரண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டார். அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கூரைமேல் ஏறி, ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே வீடு வீடாகத் தாண்டி, ஆறாவது வீட்டு வேப்பமரத்தடியில் ஆடு கடித்த இடத்தைக் கண்டுபிடித்தார். நகரியில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தால் அங்கேயே உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார். டெய்லருக்குக் காது சிவக்கும். குவைத்தில் முதல் நாள், துணியைப் போட்டுக் கதவை மூடினால் மிஷினே துவைத்துவிடும் என்று எஜமானி சொன்னாராம். அக்கா அந்த வட்டக் கண்ணாடிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணி சுற்றி முடியும்வரை பார்த்தாராம். "பைத்தியம்னு நெனச்சிக்கிச்சு அந்தம்மா. அழுக்கு போவறத பாக்காம எப்பிடி மடிச்சி வெக்கறது, சொல்லு."

கண்ணாடியும் குவைத்தில் இருந்து வந்த யோசனைதான். அந்த வீட்டில் தரையில் இருந்து கூரைவரை கண்ணாடியாம். ஆறு வருஷம் தினமும் நியூஸ்பேப்பரும் வினிகரும் வைத்துத் துடைத்திருக்கிறார். கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை, அதில் தண்ணீரில் நிற்கும் ஒரு செடி. அதன் வேர்கள் வெளியே தெரியும். மரக்கிளையில் இலை துளிர்ப்பதைவிட அந்த வேர் துளிர்ப்பது சுவாரசியமாக இருந்தது என்றார். ஊருக்கு வந்து, மரம் ஏன் காய்க்கவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னபோது, அக்கா புத்தூர் காயலான் கடைக்குப் போய் மூன்று பஸ் கண்ணாடி வாங்கிவந்தார். ஒரு கண்ணாடி அடிமரத்துக்குப் பக்கத்தில். ஒன்று பாதித் தூரத்தில். ஒன்று நிழல் முடிகிற விளிம்பில். எனக்கு அவர் காட்டியது மூன்றாவது. முதல் இரண்டையும் பிறகு காட்டினார். முதலாவதில் தூண் மாதிரி பழுப்பு வேர்கள், பட்டை தட்டியவை. அவை மரத்தைப் பிடித்து நிறுத்தும், வந்ததைக் கடத்தும், ஆனால் தின்னாது. இரண்டாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை.

மூன்று குழிகளையும் கோணியால் மூடியே வைத்திருந்தார். மறந்து ஒருநாள் திறந்து விட்டபோது கண்ணாடி பச்சை பூத்து, வேர் நுனிகள் உள்பக்கம் திரும்பிக்கொண்டனவாம். "வெளிச்சம் ஆவாது அதுங்களுக்கு. துன்றப்ப யாரும் பாக்கக் கூடாது போல" என்றார்.

காலனியில் அதற்கு 'மண்ணு டிவி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூலிக்குப் போகிற பெண்கள் சரிவில் ஏறும்போது, இன்றைக்கு என்ன சீரியல் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அக்காவும் சளைக்காமல், ஹீரோயின் நேற்றைக்கு ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போனாள், நாளைக்குத்தான் தெரியும் என்பார். அவருடைய கொழுந்தனார் ஒரு டிராக்டர் ஓட்டினார். முதல் மழைக்கு வருஷா வருஷம் மரங்களுக்கு நடுவே ஆழ உழுது கடலை போடுவது அவர் வழக்கம். அந்த வருஷமும் வந்தார். அக்கா கையை நீட்டி நிறுத்தி, ஒரு குழியில் இறங்கச் சொன்னார். போன வருஷம் கலப்பை போன தடத்தில் வேர்கள் வெட்டுப்பட்டு, நுனி கருகி, மொட்டையாக நின்றன. தடத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளையாகப் பின்னிக்கிடந்தன.

கொழுந்தனார் வெகுநேரம் பார்த்தார். பிறகு மேலே ஏறிவந்து துண்டை உதறிக்கொண்டே, "இதுக்கு முன்ன சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் அண்ணி" என்றார்.

"அதான் சொல்லல" என்றார் அக்கா.

அந்தப் புரட்டாசி சனிக்கிழமை பார்த்த மா வேரில் நான் விரல் நீளம் கிள்ளி, ஈரத் துணியில் சுற்றித் திருப்பதிக்கு எடுத்துப்போனேன். லேபில் நிறமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பாடப்புத்தகம் சொன்ன தூவிகள் அதில் அதிகமில்லை. ஏமாந்துபோனேன். பிறகுதான் கண்ணில் பட்டது. வேரின் உள்ளேயும் வெளியேயும் நீல நிறத்தில் நூல் நூலாக ஏதோ ஓடுகிறது. பூஞ்சை. தூவி நுழைய முடியாத சந்துகளில் எல்லாம் நுழைந்து, முக்கியமாக மண்ணில் இறுகிக்கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்துக்கொண்டு வந்து வேருக்குள் கொடுக்கும் பூஞ்சை. அதற்குப் பதிலாக மரம் இலையில் சமைத்த சர்க்கரையில் பங்கு தரும். அன்று எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு இதை அக்காவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் ஒரே கேள்வி. நான் எதிர்பார்த்த கேள்விதான். பார்த்தது என்றேன், பெருமையாக. "அப்ப நானும் பாக்கணும்" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்தே விட்டார். திருப்பதிக்கு முதல் தடவை வருகிறவர், பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மொட்டைத் தலைகளுக்கு நடுவே நேராகக் கல்லூரிக்கு வழி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். முதலில் மலைக்குப் போய்விட்டு வந்திருக்கலாமே என்றேன். மலை எங்கே போய்விடப்போகிறது, வேர்தான் வாடிப்போகும் என்றார். லேப் அட்டெண்டர் வாசலில் மறித்து, யாரம்மா நீ என்று தெலுங்கில் அதட்டினார். அக்கா அசரவில்லை. "வேரு சூடேதானிக்கி வச்சினா சார்" என்றார். வேர் பார்க்க வந்தேன். அந்த வாசலில் யாரும் சொல்லாத பதில். அவர் வழிவிட்டார்.

ஒரு கண்ணை எப்படி மூடுவது என்று பழக அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு அடுத்த வகுப்பு மணி அடித்தது, முடிந்தும்விட்டது. அவர் கேட்டதெல்லாம் துண்டு துண்டாக நினைவிருக்கிறது. இது மரமா, வேறு உயிரா? வேறு உயிர். வேர் சும்மாவே உறிஞ்சுமா, உழைக்க வேண்டுமா? உழைக்க வேண்டும். தண்ணீர் இழுக்கப்பட்டுத் தானாக வரும். ஆனால் மண்ணில் கொஞ்சமாகவும் வேரில் அதிகமாகவும் இருக்கிற சத்தை இன்னும் உள்ளே இழுக்க, வேர் தன் சர்க்கரையை எரித்தாக வேண்டும். அதற்கு மூச்சும் விட வேண்டும். அதனால்தான் தண்ணீர் தேங்கினால் செடி வாடுகிறது. நான் சொல்லச் சொல்ல அவர் குனிந்தபடியே தலையாட்டினார். கடைசியில் நிமிர்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்:

"தூரமா போயி சம்பாரிச்சி வூட்டுக்கு அனுப்புது. வூட்ல சோறு போடறாங்கோ. நல்ல வூடா கீது."

அட்டெண்டர் பின்னாலேயே நின்றிருந்தார். அக்கா நகர்ந்ததும் அவரும் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். அந்த லேபில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவர், அதுவரை அதில் எட்டிப் பார்த்ததில்லையாம்.

இவ்வளவு நேரம் அக்காவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். இனி என் பங்கு.

தசரா விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். தலை முழுக்க ஒரே கணக்கு: வாய் எங்கே என்று தெரிந்துவிட்டது, இனி ஊட்ட வேண்டியதுதானே? வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊட்டினால் தை மாதப் பூவுக்குச் சரியாக இருக்கும். நிழல் விளிம்பில் வட்டமாக ஒரு சாண் ஆழத்துக்கு ஓடை பறித்து, அடிமரத்தில் போடுகிற யூரியா முழுவதையும் அந்த ஓடையில் போடலாம் என்றேன். அக்கா ஒரு மரத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யலாம் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. விடுமுறை முடிகிறது, மழை வருகிறது, வேர் தயாராக இருக்கிறது என்று அடுக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் பார்க்காமல் நம்பியது அந்த ஒரு தடவைதான். நம்பியது என்னை.

இரண்டு நாளில் பதினோரு மரத்துக்குப் போட்டோம். அதில் ஒன்று கண்ணாடி வைத்த மரம்.

மூன்றாம் நாள் காலை கோணியைத் தூக்கினார். சேமியா வெள்ளையாக இருந்த நுனிகள் எல்லாம் டீ நிறத்துக்கு மாறியிருந்தன. புல்வேரின் பனி மறைந்திருந்தது. அவ்வளவு உப்பை ஒரே குறுகிய ஓடையில் கொட்டினால், உறிஞ்சுவதற்குப் பதில் வேரில் இருக்கும் ஈரத்தை மண் இழுத்துக்கொள்ளும், வேர் வெந்துபோகும். இதுவும் நான் படித்ததுதான். வேறு பாடத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஒரு தோப்பைக் கெடுக்க வேண்டியிருந்தது.

திட்டுவார் என்று நின்றேன். அவர் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து, செத்த நுனிகளிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "யூரியா போடச் சொன்னியே, அது பாத்ததா, கேட்டதா?"

"படிச்சது அக்கா."

"அதுவும் கேட்டதுதான்" என்றார்.

எழுந்து போனார். அரை மணியில் கொழுந்தனாரின் டிராக்டர் சரிவில் ஏறியது, பின்னால் தண்ணீர் டாங்கர். ஏரித் தண்ணீர். நான்கு நாள், பதினோரு மரத்தையும் சுற்றி ஓடையில் தண்ணீரை விட்டு விட்டு உப்பைக் கழுவினோம். கொழுந்தனார் ஒவ்வொரு நடைக்கும் குழியை எட்டிப் பார்த்து, "அண்ணி, டிவில இன்னிக்கு வெள்ளப் படமா?" என்று கேட்பார். நான் குடம் குடமாகச் சுமந்தேன். தோள் தோல் உரிந்தது.   அந்தக் குழந்தை தோப்பின் ஓரமாக அக்காவின் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் நான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். எனக்குப் போன் வந்திருப்பதாக வார்டன் கூப்பிட்டார். வார்டனின் மேஜைமேல்தான் போன். எடுத்தால் அக்கா.

"ரெண்டு வந்துட்டுது" என்றார். "வெள்ளையா. மூணாவது வருதா இல்லியான்னு தெரியல. நாளைக்கி சொல்றேன்."

நான் அழுதுவிட்டேன். ரிசீவருக்கு வெளியேயும் கேட்ட அக்காவின் குரலில் பாதி புரிந்து, வார்டன் பதறிப்போய், யாருக்குப் பிரசவம், தாய் நலமா என்று தெலுங்கில் கேட்டார். நலம் என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்வது.

கார்த்திகை மாதம் விசா வந்துவிட்டது. ஏஜெண்டின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து அக்காவின் வாசலில் காகிதத்தை நீட்டினார். அதே குவைத் வீடு, எஜமானியே மறுபடி கேட்டிருக்கிறார். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். கணவர் பெங்களூரில் இருந்து, போய்விட்டு வந்துவிடேன் என்று போனில் சொல்லிவிட்டார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தேன்.  தோப்பில் இன்னும் ஒரு மொட்டுகூட இல்லை, தைக்குத்தான் வரும். வருமா என்றே தெரியாது. அதிலும் பதினோரு மரத்தை நான் வேக வைத்திருக்கிறேன். ஆறு மாதம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள் அக்கா என்று காதில் சொன்னேன். அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், ஜாக்கெட் தையலைப் பார்ப்பதுபோல. பிறகு ஆளிடமே திருப்பிக் கொடுத்தார்.

கொழுந்தனாரால் தாங்க முடியவில்லை. "ஒரு பூ கூட உடல. இன்னாத்தப் பாத்து வேணாங்கற அண்ணி?"

"வேரப் பாத்தேன்" என்றார் அக்கா.

மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் தார் ரோடுவரை கேட்டது. அக்கா எழுந்து, பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தானே போய்க் கூட்டிவந்து, குளிக்க வைத்து, தலையைத் துவட்டினார். குழந்தை முறுக்கிக்கொண்டு அழுதது. விடவில்லை.

இப்போதும் நான் யோசிப்பதுண்டு. வேரைப் பார்த்துத்தான் சொன்னாரா? பிள்ளைக்காக முன்பே முடிவு செய்துவிட்டு வேரைச் சாக்காகச் சொன்னாரா? எனக்குத் தெரியாது. தை பிறந்து இரண்டாவது வாரம் தோப்பு பூத்தது என்பது மட்டும் தெரியும். பனிக்குக் கொஞ்சம் கொட்டியது, தத்துப்பூச்சியில் கொஞ்சம் போனது. ஆனியில் லாரி சரிவின் கீழே வந்து நின்று, ஒருமுறை நிறைந்து போய்விட்டுத் திரும்பவும் வந்தது. இருபத்தொன்பது மரம், அந்த வருஷம் கலப்பை வேரை வெட்டாததாலோ என்னவோ, கிளை வளைய வளையக் காய்த்தது. என் பதினொன்றும் அந்த வருஷம் சுணங்கியே இருந்தன. அக்கா அதை ஒளிக்கவுமில்லை, பெரிதாக்கவுமில்லை. கூடைக்காரப் பெண்களிடம், "இந்த வரிச மட்டும் காலேஜ் வரிச" என்று காட்டினார். அதிலிருந்து அதுதான் அந்த வரிசைக்குப் பெயர்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்தக் காய் இறங்கி முடிந்த வாரம். எனக்குப் பட்டப்படிப்பின் கடைசி வருஷம் ஆரம்பித்திருந்தது. அதற்குள் நைனாவுக்கு மெட்ராஸில் வேலை கிடைத்து, எங்கள் வீடே கிளம்பிக்கொண்டிருந்தது. அக்கா வெற்று நிலத்தில் நின்றுகொண்டு, அந்த வருஷம் கடலையை மரத்தடியில் போடாமல் கீழ்த் துண்டில் போடப்போவதாகச் சொன்னார். என் வாய் சும்மா இருக்குமா? கடலையில் ஒரு விந்தை உண்டு என்று ஆரம்பித்தேன். பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது, அதிலிருந்து ஓர் ஊசி இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகிறது. அந்தக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுவந்து கொடுக்க முடியாது. வேரில் ஏறுவது தண்ணீரோடு இலைக்குப் போய்விடும், மண்ணுக்குள் புதைந்த காய்க்குத் திரும்பி வராது. காய் தன் ஓட்டின் வழியாகத் தானே மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும். கிடைக்காவிட்டால் உள்ளே பருப்பே இருக்காது, வெறும் பொக்கு. அதற்குத்தான் கடலைக்கு ஜிப்சம் போடுகிறோம்.

 அக்கா கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேருக்கு ஒரு எலை, காய்க்கு ஒரு எலையா?" என்றார். பந்தியில் தனித்தனி இலை போடுவதுபோல. "ரெண்டு எலையும் தனியா போட்டு ஒரு செடிக்கு பரிமாற முடியுமா?"

முடியும் என்றேன். எப்படி என்று தெரியாமலேயே சொன்னேன். அன்று மாலையே லாரியில் சாமான் ஏற்றினோம்.

இப்போது ஏழு வருஷம் ஆகிவிட்டது. பெங்களூரில் ஒரு விதைக் கம்பெனியில் எனக்கு வேலை. நாளெல்லாம் கம்ப்யூட்டரில் மற்றவர்கள் அளந்த அளவுகளைத் தட்டுகிறேன். ஒரு செடிக்கு இரண்டு இலை போடுவது எப்படி என்று போன மாதம்தான் பிடிபட்டது. வேர் இறங்கக் கீழே ஒரு பெரிய பெயிண்ட் டப்பா, அதில் நல்ல மண். அதன்மேல் அகலமாக இரண்டு தட்டையான டப்பா, இடம் ஒன்று வலம் ஒன்று. செடி நடுவில் ஒரு குழாய் வழியாகக் கீழே வேர்விடும். அதன் ஊசிகள் இரண்டு பக்கமும் இறங்கும். இடப்பக்க டப்பாவில் கழுவிய வெறும் மணல், வலப்பக்கம் அதே மணலில் ஜிப்சம். ஒரே செடி, ஒரே வேர், ஒரே தண்ணீர். காய்க்கு மட்டும் இரண்டு இலை.

வாடகை வீட்டு மொட்டைமாடியில் இதுபோல மூன்று செட் டப்பாக்கள் தயாராக இருக்கின்றன. வீட்டுக்காரர் என்ன பயிர் என்று கேட்டார், முளைத்ததும் பாருங்கள் என்றேன். மணலை ஆறு தடவை அலசியாகிவிட்டது, இன்னும் இரண்டு தடவை அலச வேண்டும். ஆடி பதினெட்டுக்கு விதை போடுவேன். நூற்றுப் பத்தாவது நாள் பிடுங்கி, ஒரு காயைக்கூட உடைக்காமல், செடியோடு ஈரச் சாக்கில் சுற்றி, சித்தூர் வழியாகப் போகிற முதல் பஸ்ஸில் ஏற வேண்டும். இடப்பக்கக் காயையும் வலப்பக்கக் காயையும் உடைப்பது அக்காவின் வேலை.